லாபம், தூஜ், தீஜ், சௌத்

இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம். நனைந்த வாழைநார் காம்புகளைச் சுற்றி வந்து ஒரு வளையம் போட்டுச் சுண்டி இழுபடுகிறது. இழுத்த கை நிற்பதில்லை. அடுத்த நான்கு மொட்டுகள் அதற்குள் விரல்களுக்கு நடுவே வந்துவிட்டன. கண் பூவைப் பார்க்கவே இல்லை. எதிர் டீக்கடையில் யாரோடு யார் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வாய் மட்டும் முடிச்சுக்கு ஒரு சொல்லாக எண்ணிக்கொண்டே போகிறது: "லாபம், தூஜ், தீஜ், சௌத், பஞ்சமி, சட்டு, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி, கியாரஸ்..."

கியாரஸ் வந்ததும் ஒரு சிவப்பு ரோஜா உள்ளே போகிறது. மறுபடியும் லாபம்.

திண்டுக்கல் பூ மார்க்கெட் வெளிவாசலில், நீலப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேச்சாயியின் இந்தி இப்படித்தான் தொடங்கும். பள்ளிக்கூடத்திலோ புத்தகத்திலோ படித்த இந்தி இல்லை. வடநாட்டுக் குடும்பங்களுக்குப் பண்டிகைப் பூ கொண்டுபோய்க் கொடுத்து, பண்டிகைக்கு ஒரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்தது. எண்களையும் திதிகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். தீபாவளி முடிந்து அண்ணன் தம்பிக்குப் பொட்டு வைக்கும் நாள் தூஜ், அது இரண்டு. பெண்கள் ஊஞ்சலாடும் தீஜ், மூன்று. புருஷனுக்காக நோன்பு இருக்கும் சௌத், நான்கு. இப்படியே கியாரஸ் என்கிற ஏகாதசி வரை போகலாம். ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் அந்தத் தெருவில் பண்டிகை அகப்படவில்லை. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்களே, அதைக் கொண்டுவந்து முதலில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இந்தி தெரியுமாமே?" என்று யாராவது கேட்டால் பேச்சாயி கௌரவமாகத் தலையாட்டுவார். "பண்டிகை இந்தி தெரியும். தெனப்படி இந்தி தெரியாது. டெல்லிக்குப் போனா தண்ணி கேக்கத் தெரியாது, ஊஞ்ச கேப்பேன்."

உண்மைதான். நிலா, சல்லடை, ஊஞ்சல், விளக்கு, தாமரை, சாயம், சகோதரன் எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. அரிசிக்கும் பஸ்ஸுக்கும் இல்லை.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "மல்லிக வெல கூடுனா கொறையும், வெல கொறஞ்சா கூடும்" என்பார். மூக்கில் எட்டுக்கல் மூக்குத்தி. தலையில் ஒருநாளும் மல்லிகை வைக்கமாட்டார், கனகாம்பரம் மட்டும்தான். "சமையக்காரி பந்தியில உக்காந்து சாப்புட்டுப் பாத்திருக்கீகளா?" நிலக்கோட்டையிலிருந்து விடிகாலை வேன் வந்ததும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மொட்டை எடுத்துக் காதோரம் வைத்து அழுத்திப் பார்ப்பார். நறநறவென்றால் இன்று பறித்தது. சத்தமில்லாமல் நழுவினால் நேற்றையது. எதிரே கடிகாரம் பழுதுபார்க்கும் என் காதிலும் ஒருமுறை வைத்து அழுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவரால் பொறுக்க முடியாத ஒரே விஷயம் இடைவெளி. "பூவுக்கும் பூவுக்கும் நடுவால எறும்பு போச்சுன்னா அது சரமில்ல, முள்ளுவேலி" என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கை பூவோடு நிற்பதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால், "ஒட்டி உக்காருங்க, ஒட்டி உக்காருங்க" என்று முன்பின் தெரியாதவர்களை நகர்த்திக் கொண்டே போவார். பக்கத்தில் தேங்காயும் எலுமிச்சையும் மெழுகுவத்தியும் விற்கும் சூசைமுத்து, தம் கடை எலுமிச்சைகளை அடுக்கிவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் அவை நெருக்கமாக நகர்ந்திருக்கும்.

இந்த நெருக்கம்தான் 1994-ல் ஒரு மாப்பிள்ளையை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் குடும்பம் அது. கடை சேட்டின் மனைவி கேசர்பாய். பேச்சாயிக்குச் சேட்டம்மா. மகன்கள் இருவரும் இந்த ஊரில் பிறந்து திண்டுக்கல் தமிழைத் தண்ணீராகப் பேசுகிறவர்கள். கேசர்பாய் அப்போது வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராததால் அவருக்குத் தமிழ் வராது. மூத்தவன் மகேந்தர் கல்யாணத்துக்குச் செஹ்ரா கட்டித் தரச் சொல்லி, பிள்ளைகள் கடையிலிருந்த நேரத்தில் அழைத்திருந்தார். செஹ்ரா என்பது மாப்பிள்ளையின் தலைப்பாகையிலிருந்து முகத்துக்கு முன்னால் சரம் சரமாகத் தொங்கும் பூத்திரை. படத்தைக் காட்டிவிட்டு, கேசர்பாய் ஐந்து விரல்களையும் அகல விரித்து முகத்துக்கு முன்னால் வைத்து, விரல்களின் சந்து வழியாகப் பேச்சாயியைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். மறுபடி விரல்களை விரித்தார்.

பூவைக் குறைக்கச் சொல்கிறார் என்பது பேச்சாயிக்குப் புரிந்தது. செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் பூ குறையலாமா? "நீங்க கவலப்படாதீக சேட்டம்மா, என் கையிலருந்து போட்டுக் கட்டித்தாரேன்" என்று கன்னத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்து, இரண்டு பங்கு மல்லிகையை எறும்பு நுழையாமல் கட்டி, ஓரத்தில் மரிக்கொழுந்தும் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

மொட்டாக இருந்தவரை மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வெளிச்சமாவது தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அத்தனையும் மலர்ந்தபோது முகத்துக்கு முன்னால் சுவர் எழும்பிவிட்டது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குதிரைமேல் வந்து, மண்டப வாசலில் தொங்கும் மரக்கிளிகள் வைத்த தோரணத்தைக் குச்சியால் தொட வேண்டும். தொட்டால்தான் உள்ளே போகலாம். குதிரையோ ஜட்கா வண்டியிலிருந்து அவிழ்த்து ஜிகினாத் துணி போர்த்தியது. அது மரிக்கொழுந்தைத் தின்னக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சித்தப்பாமார் ஒருவர் வலது என்றார், ஒருவர் இடது என்றார். மகேந்தர், "எங்க? எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓங்கி ஒன்று வைத்தார். தோரணம் அசையவில்லை. பக்கத்திலிருந்த டியூப் லைட் வெடித்தது. மிரண்ட குதிரை தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு ஓடியது. ஸ்டேஷன் வாசல் ஜட்கா ஸ்டாண்டில் போய் நின்று, வழக்கம்போல் சவாரி இறங்கட்டும் என்று காத்திருந்தது. ஒலிபெருக்கியில் மதுரை வண்டி தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்ட மாப்பிள்ளை, கல்யாண மண்டபத்தில் எதற்கு இதைச் சொல்கிறார்கள் என்று பூவுக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அவரைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் முகூர்த்தம் தப்பியது. கேசர்பாய் அழுதார்.

ஊரெல்லாம் குதிரையைத்தான் குற்றம் சொன்னது, பேச்சாயியும் சேர்ந்து திட்டினார். "விடுங்கக்கா, குதிர மெரண்டுருச்சு" என்று பிள்ளைகளும் மரியாதைக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து பூஜைப் பூவுக்கு ஆள் வந்ததே தவிர, கல்யாணப் பூவுக்கு வரவில்லை. அவர்கள் சொந்தத்தில் அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு மதுரையிலிருந்து மாலை இறங்கியது. பேச்சாயி அதைப் பார்த்துக்கொண்டு கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன தப்புன்னு சேட்டம்மாகிட்டக் கேக்கணும்ல? கேக்குறதுக்கு அவுக பேச்சு வேணும்ல?"

அப்படித்தான் படிப்பு தொடங்கியது. வாசலில் பூத்தட்டோடு நின்றுகொண்டு, ஒரு சொல் சொல்லாமல் தட்டைக் கொடுக்கமாட்டார். "இதுக்கு என்ன பேரு, சொல்லுங்க." கேசர்பாயும் விடவில்லை. சொல்லுக்குச் சொல் தமிழ் வாங்கிக்கொண்டார். ஹோலிக்குச் சாயத்துக்கான 'ரங்' என்ற சொல்லோடு பேச்சாயி வீடு திரும்பியபோது நெற்றியிலிருந்து பாதம் வரை ஊதாவும் பச்சையுமாக இருந்தார். சூசைமுத்து தேங்காயை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஏக்கா, எந்தக் கட்சிக் கொடிக்கம்பம் உம் மேல சாஞ்சது?"

ஹோலி முடிந்து ஒரு வாரத்தில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாள் ஒன்று வரும். முதல் நாள் சமைத்ததை அம்மை தெய்வத்துக்குப் படைத்து, ஆறிய சோற்றையே எல்லோரும் சாப்பிடுவார்கள். அன்று கிடைத்த சொல் 'டண்டா', குளிர்ந்தது. பேச்சாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சேட்டம்மா, எங்க வீட்டுல வருசம் பூராம் அந்தச் சாமியத்தான் கும்புடுறோம்!"

ஆவணி அவிட்டத்தை ஒட்டி ராக்கி வரும். கேசர்பாய் கொடுத்த ராக்கியைக் கொண்டுவந்து சூசைமுத்துவின் கையில் கட்டி, "நீ இனி எனக்குப் பாய், கூடப்பொறந்தவன். கிறிஸ்மஸுக்குச் சேல எடுத்துக் குடுக்கணும்" என்றார். சூசைமுத்து அதை அவிழ்க்காமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக, அங்கே சாமியார் என்ன கயிறு என்று கேட்டிருக்கிறார். "'எந் தங்கச்சி வடக்கத்திக்காரி, சாமி'ன்னு சொல்லிட்டேன்" என்று வந்து சொன்னார். அக்காவைத் தங்கையாக்கியதற்காகப் பேச்சாயி அன்று முழுவதும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நோன்புச் சௌத் அன்று மொட்டைமாடியில் நின்று சல்லடை வழியாக முதலில் நிலாவையும் பிறகு புருஷன் முகத்தையும் பார்க்கிறார்கள். அங்கே நிலாவுக்கு 'சாந்த்' கிடைத்தது. மலைக்கோட்டைப் பக்கம் மேகம் விலகி நிலா எழும்பியதும், கேசர்பாய் சல்லடையைப் பேச்சாயியிடம் நீட்டி, நீயும் உன் வீட்டுக்காரரைப் பாரேன் என்றார். பேச்சாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அவுகள எதுக்கு இதுல பாக்கணும்? வெறுங் கண்ணுல பாத்தாலே அம்புட்டு ஓட்டையுந் தெரியுதே!"

வீட்டுக்காரர் மூக்கையா லோடு வண்டி ஓட்டுகிறவர். அறுபத்தைந்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ரயில்வே பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த கூட்டத்தில் இருந்தவர். அந்தப் பெருமை இன்னும் மீசையில் இருக்கிறது. மனைவி தூஜ், தீஜ் என்று எண்ணுவதைக் கேட்டால் பீடியை அணைத்துவிடுவார்.

"நாங்க அழிச்ச மொழிய வீட்டுக்குள்ளயே பேசுறியேடி."

"எழுத்தத்தான அழிச்சீக? பேச்ச அழிக்கலேல்ல? நான் எழுதப்போறதில்ல, விடுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தார் பூசுனது வேற ஆளுங்க. இவுக ஏணியப் புடிச்சவுக" என்பார். மூக்கையா, "ஏணி புடிக்காம எப்படிடி பூசுறது?" என்று கேட்டபடி அடுத்த பீடியைப் பற்றவைப்பார். இது வாரம் ஒருமுறை நடக்கும்.

செஹ்ராவின் மர்மம் ஒரு கிருஷ்ண ஜெயந்தியன்று உடைந்தது. உள்ளங்கை அளவு ஊஞ்சலில் தவழும் கிருஷ்ணனை வைத்து ஆட்டுவார்கள். பேச்சாயி அந்த ஊஞ்சலுக்கும் எறும்பு நுழையாத மாலை கட்டிக்கொண்டு போக, ஊஞ்சல் பாரம் தாங்காமல் நின்றுவிட்டது. சாமி ஆடமாட்டேன் என்கிறார். கேசர்பாய் சிரித்துக்கொண்டே, "ஹல்கா, பேச்சாயி, ஹல்கா" என்று சொல்லி, தாமே பாதிப் பூவை உருவி எடுத்தார். ஊஞ்சல் அசைந்தது. லேசாக, கனமில்லாமல் என்பது புரிந்தது. அப்போது கேசர்பாய், ஐந்து விரல்களையும் அகல விரித்து முகத்துக்கு முன்னால் வைத்து, சந்து வழியாகப் பேச்சாயியைப் பார்த்தார்.

"அடியாத்தி!" என்று பேச்சாயி அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "காசுக்கு இல்ல, கண்ணுக்கா சொன்னீக? கண்ணு தெரியணும்னா?" சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லையாம். குதிரையைத் திட்டியதற்காக மறுநாள் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய் ஒரு கட்டுப் புல் போட்டுவிட்டு வந்தார். அது வேறு குதிரை. ஆனாலும் போட்டார்.

இந்தச் சித்திரையில் இளையவன் விகாஸுக்குக் கல்யாணம். நாள் அட்சய திருதியை, அவர்களுடைய பெரிய தீஜ். பங்குனியிலேயே பேச்சாயி நடுக்கூடத்தில் நின்று தம் வாழ்நாளின் நீளமான இந்தி வாக்கியத்தைச் சொன்னார். "செஹ்ரா மே பனாவூங்கி. ஹல்கா." நான் கட்டித் தருகிறேன், லேசாக.

சேட்டு பெங்களூரில் முத்துச்செஹ்ரா சொல்லியாகிவிட்டது என்றார். விகாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, அண்ணனுக்குக் கட்டுன மாதிரி கட்டிராதீக. எனக்கு ஏற்கெனவே சோடாபுட்டிக் கண்ணாடி." கேசர்பாய் தமிழில் சொன்னார். "ரெண்டும் இருக்கட்டும். பேச்சாயி கொண்டு வரட்டும். நான் பாக்குறேன். தெரிஞ்சா இது, தெரியலேன்னா முத்து."

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு செஹ்ராவைக் கட்டிப் பார்த்தார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. முடிச்சுக்கு முடிச்சு விரற்கடை விடவேண்டும் என்று நினைத்தாலும் கை தானாக நெருக்கியது. கையைக் கையால் அடித்துக்கொண்டார். மொட்டு மலர்ந்த பிறகு பார்த்தால்தானே தெரியும். மாலை ஐந்து மணிக்கு மூக்கையா லோடு இறக்கிவிட்டு வந்ததும், அவர் தலையில் துண்டைச் சுற்றி, செஹ்ராவைக் கட்டிவிட்டார். சூசைமுத்து தம் கடைக் கூரை விரிப்பின் நுனியில் நூல் கட்டி ஓர் எலுமிச்சையைத் தொங்கவிட்டார். அதுதான் தோரணம். மூக்கையாவின் கையில் ஒரு வேப்பங்குச்சி.

மார்க்கெட் நின்றுவிட்டது. "மூக்கையாண்ணே, ரெண்டாந்தாரமா? பொண்ணு எந்த ஊரு?" என்று ஒரு குரல். "ராஜஸ்தான்டா!" என்று இன்னொரு குரல். குதிரை இல்லாததால் மூட்டை தள்ளும் ஒரு கைவண்டியில் அவரை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் வீச்சில் சூசைமுத்துவின் மெழுகுவத்திக் கட்டு பறந்தது. பேச்சாயி தலையிலடித்துக்கொண்டு, வண்டிமேல் ஏறி நின்று, கத்தரியால் இரண்டு சரத்தை வெட்டி எடுத்தார். கீழே உதிர்ந்த பூவைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வீச்சு நூலை உரசியது. இன்னும் ஒரு சரம் போயிற்று.

"இப்பத் தெரியுதா?"

பூவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எலுமிச்ச தெரியுது. உம் மூஞ்சியும் தெரியுது. மூஞ்சிய மறைக்க ஒரு சரம் போடேன்."

குச்சி வீசியது. எலுமிச்சை டீக்கடைக் கூரைமேல் போய் விழுந்தது. மார்க்கெட் விசிலடித்தது. மூக்கையாவுக்குச் செஹ்ராவைக் கழற்ற மனம் வரவில்லை. "இன்னொரு எலுமிச்ச கட்டு, சூசை" என்றார். தார் பூசிய பரம்பரை என்று யாரோ நினைவூட்ட, "எழுத்துல பூசுனோம், பூவுலயா பூசுனோம்?" என்று மனைவியின் வாதத்தை எடுத்துப் பேசினார். பேச்சாயி அதைக் கேட்டுக் கேளாதவர் போல நாரை நனைக்கத் தொடங்கினார்.

கல்யாண நாளன்று கட்டிய செஹ்ராவில் ஒரு சரத்துக்கும் மறு சரத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. மொட்டு மலர்ந்த பின் ஒரு விரல் மிஞ்சும். கியாரஸுக்கு ஒரு ரோஜா. மரிக்கொழுந்து கிடையாது. ஈரத்துணி போர்த்திய தட்டில் வைத்துப் பேச்சாயி ஏந்திக்கொள்ள, நானும் சூசைமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் நடக்க, மூக்கையா முன்னால் சைக்கிள்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு போக, பாத்திரக்கடை வீட்டுக்குப் போனோம்.

கூடத்துக் கட்டிலில் முத்துச்செஹ்ராப் பெட்டி திறந்தே இருந்தது. விகாஸ் தலைப்பாகையோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலில் குதிரை கனைத்தது. கேசர்பாய் வந்தார். தட்டைப் பார்க்கவில்லை, தொடவில்லை. ஐந்து விரல்களை அகல விரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு பேச்சாயியையே பார்த்தார்.

பேச்சாயி ஈரத்துணியை விலக்கி, செஹ்ராவை இரண்டு கையாலும் தூக்கித் தம் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பாதி விரிந்த மல்லிகைகள் அசைந்து நின்றன. அதற்குப் பின்னால் எட்டுக்கல் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது.

"சாந்த் தெரியுதா சேட்டம்மா?"

"மூக்குத்தி தெரியுது" என்றார் கேசர்பாய்.

அந்த வீட்டில் பூ எப்போதும் தாம்பாளத்தில்தான் வாங்கப்படும். மருமகள் தாம்பாளத்தை நீட்டினாள். கேசர்பாய் அதை விலக்கிவிட்டு, பட்டு முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார். பேச்சாயி செஹ்ராவை அதில் இறக்கி வைத்தார்.